பத்து நிமிஷம் கொதிக்க வெச்சது

அக்கா, உங்க டோக்கன் எத்தினி? நாப்பத்தி ஒண்ணா? எனக்கு முப்பத்தி எட்டு. உள்ள இப்பதான் இருபத்தி மூணு போயிருக்குது. உட்காருங்க. இந்தப் பக்கம் ஃபேன் காத்து வரும்.

பையனுக்கு ஜுரமா? தூங்கட்டும், எழுப்பாதீங்க. உங்க தோள்ல அது இன்னா, வாந்தியா? வெறும் தண்ணியப் போட்டுத் தேய்க்காதீங்க, பரவிடும். இருங்க, என் பையில ஒரு சாமான் இருக்குது. குழந்தைய ஒரு கையில வெச்சுகினு எடுக்கறதுக்குள்ள... ஆங், இந்தாங்க. இந்தப் பொடிப் பொட்டலத்த வீட்டுக்கு எடுத்துகினு போங்க. வெதுவெதுன்னு தண்ணியில ஒரு ஸ்பூன் போட்டு, புடவைய அரை மணி நேரம் ஊற வெச்சு அலசுங்க. தேய்க்கவே வேணாம். பாலு, முட்டை, ரத்தம், எந்தக் கறையும் நிக்காது. காசெல்லாம் வேணாம்கா. இங்க வார்டு ஆயாம்மா கேட்டாங்கன்னு நாலு பொட்டலம் கட்டிகினு வந்தேன். அட, இதுல ஒண்ணு அவுந்து பை பூரா கொட்டியிருக்குது பாருங்க. பரவால்ல, அப்புறமா உதறிக்கலாம்.

பொண்ணுதான். பேரு பூவிழி. ஒம்போது மாசம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழிச்சுப் பொறந்தா. அம்சா, எங்க வீட்டுக்காரம்மா, ஷூ கம்பெனியில தையல் லைன்ல இருக்குது. அதுக்கு லீவு கெடைக்கல, அதான் நான் காலேஜுல சொல்லிட்டு வந்தேன். அந்த நர்சம்மா கூட பாத்துச்சு, அம்மா வரலையான்னு. என் கொழந்தய நான் தூக்கினா இன்னா? எட்டு வருஷம் கோயில் கோயிலா நானும்தானே சுத்தினேன். இவ துணியக்கூட நான்தான் தோய்க்கறேன். வேற யாரையும் தொட விட்டதில்ல. நான் அலசினாதான் எனக்குத் திருப்தி.

சத்தம் கேக்குதா? இளைப்பு. நெஞ்சுக்குள்ள பூனக்குட்டி உட்காந்துகினு இருக்கற மாதிரி. நாலு மாசமா இப்படித்தான். காலையில எக்ஸ்ரே எடுத்துட்டாங்க. படம் காயக்கூட இல்ல, ஈரமாவே கையில குடுத்துட்டான், டாக்டரு பாக்கற வரைக்கும் மடிக்காம வெச்சுக்கோன்னு. பையிலதான் வெச்சிருக்கேன். பொட்டலத்துக்கு மேல, நெளியாம.

இந்த ஆஸ்பத்திரியும் எக்ஸ்ரே படமும் எனக்குப் புதுசு இல்லக்கா. வருஷத்துல ரெண்டு தடவ இங்க வந்து, பழைய படமா கட்டு கட்டா வாங்கிகினு போவேன். எதுக்குன்னா, நான் காலேஜுல லேப் அசிஸ்டென்ட். தணிகைவேல். பதினாலு வருஷம் ஆச்சு. எங்க குப்புராஜ் சாரு பூஞ்சணத்துல ஆராய்ச்சி. பழைய ரொட்டியில பச்சையா பூக்குதே, அந்த ஜாதி. அது தன் சாப்பாட்டக் கரைக்க ஒரு சாறு விடும். அதுதான் என்சைம். இந்த ஊர்ல டேனரில தோல்லேந்து மயிர எடுக்க சுண்ணாம்பும் சல்பைடும் போடறாங்க இல்ல, அந்தத் தண்ணிதானே ஆத்த நாசம் பண்ணிச்சு. அதுக்குப் பதிலா இந்த என்சைமப் போட்டா மயிரு தானா வழுக்கிகினு வந்துடும். ஆனா டேனரி சூட்டுக்கும் காரத்துக்கும் தாங்கணும். சாதா என்சைம் தாங்காது, செத்துடும். சாகாத ஒண்ணு வேணும்னு சாரு தவமா கெடந்தாரு.

எக்ஸ்ரே படம் எதுக்குன்னு சொல்லல பாருங்க. படத்துல கறுப்பு இருக்குதே, அது ஒரு பசையில ஒட்டிகினு இருக்குது. மாட்டுத் தோலு, எலும்பு காச்சி எடுக்கற பசை. என்சைம் ஒரு சொட்டு வெச்சா அந்தப் பசையத் தின்னுடும். கறுப்பு கரைஞ்சு வழிஞ்சு, அந்த எடத்துல கண்ணாடி மாதிரி ஒரு வட்டம் விழும். வட்டம் விழுந்தா உயிர் இருக்குது. விழலன்னா இல்ல. சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்.

ஆனா வட்டத்த வெச்சு பேப்பர் எழுத முடியாது. கணக்கா ரீடிங் வேணும். அதுக்குத்தான் பிளாங்க். பிளாங்க்னா செத்த என்சைம்கா. எடுத்த சாறுல பாதிய அப்படியே வெச்சுப்போம். மீதிப் பாதிய கொதிக்கற தண்ணியில பத்து நிமிஷம் வெச்சு சாவடிப்போம். ரெண்டையும் மெஷின்ல வெச்சு, உயிரோட இருக்கறதுலேந்து செத்தத கழிச்சா வர்றதுதான் அசல் வேலை. அந்தச் சாவடிக்கற வேலை என்னுது. லேபுல எனக்குப் பேரே பிளாங்க் தணிகை. பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம். சுவத்துக் கடிகாரத்தப் பாத்துகினே நிப்பேன். ஒம்போதே முக்கால் நிமிஷத்துல எடுத்தேன்னு எவனும் சொல்ல முடியாது.

கால உதைக்குது பாருங்க. குளிருது போல. இருங்க, இன்னொரு துணி போத்தறேன். நேத்து தோய்ச்சது, எப்படி பூ மாதிரி இருக்குது பாருங்க. மூஞ்சி வரைக்கும் இழுத்து விட்டாத்தான் இவளுக்குத் தூக்கம் வரும்.

இன்னா சொல்லிகினு இருந்தேன்? ஆங், ஜெபசெல்வி. நாசரேத்துப் பக்கத்துப் பொண்ணு, சாருகிட்ட ஆராய்ச்சிக்கு வந்தது. ஒல்லியா இருக்கும், காலையில எட்டு மணிக்கே வந்து லேபு சாவிக்கு என்னத் தேடும். டேனரிக்குப் பின்னால மயிரு கொட்டி வெச்ச குவியல் இருக்குது இல்ல, அதுல கையவிட்டு மண்ணெடுத்து, நாப்பது ஐம்பது பூஞ்சணம் பிரிச்சுது. அதுல பதினேழாம் நம்பரு மேல அதுக்கு ஒரே பைத்தியம். தட்டு தட்டா கோதுமைத் தவிட்டுல வளத்து, சாறு புழிஞ்சு, உப்புப் போட்டு இறக்கி, காய வெச்சு, பொடியாக்கி, துணியில சலிச்சு, டேனரில போட்டுப் பாக்கலாம்னு ரெண்டு பெரிய டப்பா ரொப்பிடுச்சு.

ரீடிங் எடுத்தா சைபரு.

மூணு மாசம்கா. எத்தினி தடவ எடுத்தாலும் சைபரு, இல்லன்னா சைபருக்குப் பக்கத்துல. நான் பிளாங்க் போட்டுக் குடுப்பேன், அது கழிக்கும், ஒண்ணும் மிச்சம் இருக்காது. சாரு ஒரு நாள் எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாரு, பூஞ்சணம் வளக்கலம்மா நீ, தவிடு வளத்திருக்க, என் ஒரு வருஷத்தக் குழியில போட்டன்னு. டேனரிக்காரங்ககிட்டயும் வேணாம்னு சொல்லிட்டாரு. அது அழுதுகினே தட்டுங்கள கழுவிச்சு. எனக்குப் பாவமாத்தான் இருந்தது. சிங்க்காண்ட டீ கொண்டு போய் வெச்சேன்.

அதுக்கப்புறம்தான் அந்தப் பொண்ணு என் மேலயே திரும்பிச்சு.

ஒரு மத்தியானம் சோத்து டப்பாவத் தொறந்துகினு உட்காந்திருக்கேன். எக்ஸ்ரே படத் துண்டு ஒண்ண எடுத்துகினு வந்து நிக்குது. "அண்ணே, கோவப்படாமப் பாருங்க. இடது சொட்டு பதினேழோட சாறு. வலது சொட்டு நீங்க கொதிக்க வெச்ச பிளாங்க்." பாத்தேன். ரெண்டு வட்டம். அச்சுல வார்த்த மாதிரி ரெண்டும் ஒரே அளவு.

"அப்படின்னா?" அப்படின்னேன்.

"இது சாகலண்ணே. கொதிச்சும் சாகல. நாம தேடுனதே இதத்தான். உசுரோட இருக்கதுல இருந்து உசுரோட இருக்கதையே கழிச்சிருக்கோம், அதான் சைபரு வருது. இனிமே கொதிக்க வெக்காண்டாம்ணே. ஆசிட் ஊத்திக் கொன்னு பாப்போம்."

நீங்களே சொல்லுங்கக்கா. பதினாலு வருஷமா நான் பண்ற வேலை. நான் கொதிக்க வெச்சது சாகலன்னா இன்னா அர்த்தம்? நான் சரியா கொதிக்க வெக்கலன்னுதானே அர்த்தம்? அது அப்படிச் சொல்லல, அண்ணே அண்ணேன்னு மரியாதையாத்தான் பேசிச்சு. ஆனா எனக்குப் புரியாதா? எனக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. சோத்த அப்படியே மூடி வெச்சுட்டேன். "குழாய் மாத்தாம ரெண்டு சொட்டும் ஒரே குழாயில வெச்சிருப்ப. உன் கை சுத்தமில்ல, என் பிளாங்க்கக் குத்தம் சொல்றியா?"ன்னு கேட்டேன். சாருகிட்டப் போச்சு. சாரு எங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சுப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு: "கொதிச்சா சாகாத புரோட்டீன நான் பாத்ததில்லம்மா. தணிகையோட பிளாங்க் இதுவரைக்கும் தப்பானதில்ல. நீ முதல்ல கையக் கழுவு."

அந்த ஒரு வார்த்த போதும்கா. சாரு எம்பேர எடுத்து அப்படிச் சொன்னது அதுதான் மொதல் தடவ. அன்னைக்கு வீட்டுக்குப் போவும்போது அல்வா வாங்கிகினு போனேன். அம்சா அப்ப மாசமா இருந்தது. இன்னா விசேஷம்னு கேட்டுது. ஞாயம் ஜெயிச்சுதுன்னு சொன்னேன்.

இருபத்தி ஒம்போது போறாங்க. இன்னும் இருக்குது நேரம்.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுக்கு ஒடம்புக்கு முடியல. மொதல்ல தும்மல். பொடி சலிக்கும்போதெல்லாம் தொடர்ந்து பத்து பதினஞ்சு தும்மும். சாரு வேணாம்னு சொன்னப்புறமும் அத சலிச்சுகினேதான் இருந்தது, அவ்ளோ பிடிவாதம். அப்புறம் இளைப்பு வந்துடுச்சு. படியேறினா சுவத்தப் பிடிச்சுகினு நிக்கும். ஆனா அதுல ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க. சனிக்கிழமை சாயந்திரம் ஹாஸ்டலுக்குப் போனா ஞாயித்துக்கிழமை பூரா ஒண்ணும் இருக்காதாம். சர்ச்சுல பாட்டெல்லாம் பாடுமாம். திங்கக்கிழமை லேபுக்குள்ள கால வெச்சா உடனே ஆரம்பிச்சுடும். வேலைக்கு வர்ற அன்னைக்கு மட்டும் இளைக்குமா ஒருத்தருக்கு? நான் சாருகிட்ட வாயத் தொறக்கல. மனசுக்குள்ள சிரிச்சுகினேன்.

கிறிஸ்மஸ் லீவுக்கு ஊருக்குப் போச்சு. திரும்பி வரல. ஜனவரில எனக்கு ஒரு லெட்டர் வந்தது. சாருக்கு இல்ல, எனக்கு. கையெழுத்தெல்லாம் கீழ கீழ எறங்கிகினு போவுது. ஆஸ்பத்திரில இருக்கேன் அண்ணே, பேச முடியல, அதான் எழுதுதேன்னு. உள்ள அந்த எக்ஸ்ரே துண்ட வெச்சிருந்தது, ரெண்டு வட்டம் போட்டது. "அண்ணே, உங்க மேல குத்தம் சொல்லல. நீங்க சரியாத்தான் கொதிக்க வெச்சீங்க. அதுதான் சாகல. அந்த டப்பாவ யாரும் தொறக்காண்டாம். தூசி மூக்குக்குள்ள போகாண்டாம். எனக்கு வந்ததே அதுலதான்னு நினைக்கேன்." இவ்ளோதான் எழுதியிருந்தது.

பதில் போடல. கோவம்தான்கா, வேற இன்னா. நான் கொதிக்க வெச்சது சாகலன்னு படுக்கையிலேந்து கூட எழுதுதே, அப்படின்னு. பொங்கல் கழிச்சு நோட்டீஸ் போர்டுல ஒரு தாள் ஒட்டியிருந்தாங்க. ஜெபசெல்வி, இருபத்தி நாலு வயசு. ரெண்டு நிமிஷம் எல்லாரும் எழுந்து நின்னோம். எனக்கும் கண்ணுல தண்ணி வந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. சின்ன வயசுலேந்தே நெஞ்சுல சீக்கு இருந்திருக்கும், வீட்ல மறைச்சு அனுப்பியிருப்பாங்க. அதோட அம்மா லேபுக்கு வந்து, எம்பொண்ணுக்கு ஒரு சளி கூடப் பிடிச்சதில்லையேன்னு தலையில அடிச்சுகினு அழுதாங்க. பெத்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

பொடி இன்னா ஆச்சுன்னு கேக்கறீங்களா? அதத்தானே உங்க கையில வெச்சிருக்கீங்க.

பயப்படாதீங்கக்கா! சாரு கீழ கொட்டச் சொன்னாரு. எனக்கு மனசு வரல. ஒரு பொண்ணு ஒரு வருஷம் சலிச்சது. சைபருதானே, செத்த பொடிதானே, ரெண்டு டப்பாவ வீணா எதுக்குக் கொட்டணும்னு வீட்டுக்கு எடுத்துகினு வந்துட்டேன். ஒரு தடவ சும்மா சலவை சோடாவோட கலந்து இவ துணியில போட்டுப் பாத்தேன். கறை காணாமப் போச்சு. தவிடு அப்படி வேலை செய்யுது, நம்ம ஊர்ல எண்ணெய்ப் பாத்திரத்துக்குத் தவிடு போட்டுத் தேய்ப்பாங்க இல்ல? அன்னையிலேந்து இவ துணி, என் சட்டை, தலகாணி உறை எல்லாம் இதுலதான். தெருவுல நாலு வீடு கேட்டு வாங்கிகினு போவாங்க. கொழந்தத் துணியாச்சேன்னு நான் சும்மா போடறதில்ல. இட்லிப் பானையில தட்டுல பரப்பி, பத்து நிமிஷம் ஆவி காட்டி, காய வெச்சுத்தான் எடுப்பேன். லேபுல நிக்கற மாதிரியே கடிகாரத்தப் பாத்துகினு நிப்பேன். அம்சா சிரிக்கும்.

எனக்கா? எனக்குக் காலையில தும்மல் வரும், அது எல்லாருக்கும் வர்றதுதான். வெரல் நுனி மட்டும் வழவழன்னு ஆயிடுச்சு, பாருங்க, ரேகையே தெரியல. துணி தோய்க்கற கை அப்படித்தான்.

இவளுக்குத்தான் ஒண்ணும் புரியல. டேனரிக் காத்துன்னு சொல்றாங்க. பால் சேரலன்னு சொல்றாங்க. போன மாசம் மாமியாரு வந்து போளூருக்குத் தூக்கிகினு போயிட்டாங்க. பன்னெண்டு நாள் அங்க இருந்தா. அந்த வீட்ல மண்ணு, மாடு, பொக எல்லாம் இருக்குது. அவங்க அலசற தண்ணி கூட கலங்கலா இருக்கும். அங்க ஒரு இருமல் இல்லக்கா! கொழுகொழுன்னு வந்தா. நம்ம வீட்டுக்கு வந்து, குளிப்பாட்டி, நல்ல துணியா நாலு சுத்தி, தொட்டில்ல போட்டேன். ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சுடுச்சு. மாமியாரு என்ன ஒரு பார்வ பாத்தாங்க, நான் எதோ பண்ணிட்ட மாதிரி. நாலு நாள் நான் அவங்களோட பேசல.

சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாதான் இருக்குது, இல்ல? ஒதடு கூட ஒரு மாதிரியா... வெளிச்சம் அப்படி. பூவி, இந்தா, அப்பா பாரு. அப்பா தோள்ல சாஞ்சுக்கோ. துண்டு மேல சாஞ்சுக்கோ.

முப்பத்தி ஏழா? அடுத்தது நாமதான். அக்கா, கொஞ்சம் கை குடுங்க, அந்தப் பையிலேந்து படத்த எடுத்துத் தர்றீங்களா? ஓரமாப் பிடிச்சு எடுங்க. ஜன்னலுக்கு நேரா காட்டுங்க, நானும் பாக்கறேன். இந்தக் கையெலும்பு பாருங்க, எவ்ளோ சின்னதா... இது இன்னா? நெஞ்சு எங்க?

இதோ இங்க. இங்க கறுப்பே இல்லையே. இவன் எப்படிக் கழுவினான் படத்த? உங்க மூஞ்சி தெரியுது அது வழியா. காலையில குடுக்கும்போது நான் பாத்தேன்கா, முழுசா இருந்தது, ரெண்டு பக்கமும் விலா எலும்பு எண்ணிப் பாத்தேன். இப்ப கையோட வருது பாருங்க. கறுப்பு கொழகொழன்னு வழியுது. கீழ இன்னா இருந்தது? பொட்டலம்தானே? அவுந்த பொட்டலம். படம் ஈரமா இருந்தது. பொடி மேல இருந்தது.

ஆவி காட்டினேன்கா. பத்து நிமிஷம். கடிகாரத்தப் பாத்துகினு.

இல்ல. எத்தினி நேரமாப் பேசிகினு இருக்கேன் நான்? ஒரு மணி நேரம் இருக்குமா? அரை மணி போதும் வட்டம் விழறதுக்கு.

அக்கா, பொண்ணக் கையில வாங்குங்க. சீக்கிரம். அப்படி இல்ல, இந்தத் துணியெல்லாம் உருவிடுங்க, எல்லாத்தையும். உதறாதீங்க! உதறாம சுருட்டி கீழ போடுங்க. வெறும் ஒடம்பா உங்க தோள்ல போட்டுக்கோங்க. உங்க புடவ வாந்தியா இருந்தா பரவால்ல. என் சட்டை மேல வேணாம். உங்களுக்குக் குடுத்த பொட்டலத்தத் திருப்பிக் குடுத்துடுங்க, பிரிக்காம. ஆயாம்மாகிட்டயும் நான் சொல்லிக்கறேன்.

முப்பத்தி எட்டு கூப்பிடறாங்க. நீங்க தூக்கிகினு போங்க உள்ள, உங்க பையன பெஞ்சுல படுக்க வெச்சுடுங்க, நான் இங்கிருந்தே பாத்துக்கறேன், கிட்டப் போவ மாட்டேன். பேரு கேட்டா பூவிழி. வயசு ஒம்போது மாசம். எத்தினி நாளான்னு கேட்டா நாலு மாசம்னு சொல்லுங்க. படம் கரைஞ்சுடுச்சு, இனி அது வேணாம்னு சொல்லுங்க. எதனாலன்னு டாக்டரு கேப்பாரு. கேட்டா, கதவத் தொறந்து எனக்கு ஒரு கை காட்டுங்க. நான் வாசல்ல நின்னு சொல்றேன்.